சிங்கப்பூர் மாத்திரை

— ஓசி மாத்திரைய நம்பாதன்னு அன்னைக்கே சொன்னேன், மலரு. கேட்டியா நீ?

— கொஞ்சம் உட்காருங்க, அண்ணி. வந்ததிலேருந்து வார்டு கதவுக்கும் லிஃப்டுக்கும் நடந்துக்கிட்டே இருக்கீங்க.

— எப்படிலா உட்கார்றது? உள்ள என் தம்பி கெடக்கறான். நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு மூணு மாசம்கூட ஆகல. அதே எடத்துல மறுபடியும் ரத்தம் கட்டி அடைச்சிக்கிச்சு. எப்படி அடைக்கும், சொல்லு.

— எனக்கு என்ன தெரியும், அண்ணி? தினம் காலையில சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு கையில குடுப்பேன். அவரு முழுங்கற வரைக்கும் நகர மாட்டேன்.

— கிளினிக்ல சும்மா குடுக்கறதுலா அது. வெறும் மாவு. எனக்கும் அதே பேரு மாத்திரைதான். ரெண்டு வருசம் முன்னாடி பக்கவாதம் வந்து எனக்கு வாய் கோணிக்கிச்சே, மறந்துட்டியா? என் பையன் செல்வா சிங்கப்பூர்லேருந்து வாங்கிட்டு வந்தான். இன்னைக்குப் பாரு, கல்லு மாதிரி நிக்கறேன்.

— அண்ணி, தேத்தண்ணி கொட்டுது.

— அலமாக். புடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்.

— நேத்தும் கோப்பைய ஒடைச்சீங்கன்னு செல்வா சொன்னான்.

— மனசு ஒரு எடத்துல இல்ல, கை வழுக்குது. பேச்ச மாத்தாத.

— உங்க செருப்பு ஒன்னு லிஃப்டுகிட்டயே கெடக்கு. எடது கால் வெறுங்காலா இருக்கு பாருங்க.

— கழண்டது தெரியல. விடு. டாக்டரம்மா பேசணுமாம்னு ஃபோன் வந்ததும் கூலாய் வீட்டுலேருந்து அப்படியே ஓடியாந்தேன். அந்தா, டாக்டரம்மா வராங்க. நீ பேசாத, நான் கேக்கறேன்.

— குணாளனோட ஆக்கள் நீங்கள்தானே? நான் டாக்டர் மீனலோசனி.

— நான் அவரு மனைவி, டாக்டர். இவங்க அவரோட அக்கா, ராசம்மா.

— பயப்படாதேங்கோ. அடைப்பை எடுத்தாச்சு. ரத்தப் பரிசோதனையும் வந்திட்டுது. மாத்திரை ஒழுங்காப் போட்டவரோ?

— கேளுங்க டாக்டர், அவகிட்ட நல்லா கேளுங்க.

— சத்தியமா ஒரு நாள்கூட விட்டதில்ல, டாக்டர்.

— நம்புறன். உங்களில பிழை இல்லை. அந்த மாத்திரை விழுங்கின உடனே வேலை செய்யாது. ஈரல்தான் அதை மருந்தா மாத்தவேணும். சில பேருக்குப் பிறப்பிலேயே அந்த மாத்துற சக்தி குறைவு. குணாளனுக்கு இல்லவே இல்லை. அவருக்கு அது பச்சைத்தண்ணி குடிச்ச மாதிரித்தான்.

— கேட்டீங்களா, அண்ணி? ரெண்டு நாளா என்னையே குத்திக்கிட்டு இருந்தீங்க.

— இரு. டாக்டர், எனக்கு மட்டும் எப்படி கேட்டுச்சு? ஒரே வயித்துல பொறந்தவங்கதானே நாங்க?

— கூடப் பிறந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, அம்மா. உங்களுக்குக் கேட்டிருக்கு, நல்லது. நிறுத்தாமப் போடுங்கோ. அவருக்கு வேற மருந்து துவங்கியாச்சு.

— சிங்கப்பூர்ல வாங்கினதா இருந்தா?

— எந்த ஊரில வாங்கினாலும் அவருக்கு அதே கதைதான்.

— அப்ப நான் குடுத்ததும் வீண்தானா.

— நீங்க என்ன குடுத்தீங்க, அண்ணி?

— கோவிச்சுக்காத, மலரு. அவன் செனாய்க்கு வேலைக்குப் போற வழியில என் வீட்டுல எறங்குவான்ல. மூணு வாரமா என் மாத்திரையத்தான் முழுங்க வெச்சேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.

— உங்களோடதையா? அப்ப நீங்க எதப் போட்டீங்க?

— செல்வா மாசத்துக்கு ஒரு பெட்டிதான் கொண்டு வருவான். நான் போடறத விட்டுட்டேன். எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். அவனுக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்கலா. அவன் இருக்கணும்.

— அம்மா, தரையில கொட்டியிருக்கிற தேத்தண்ணி உங்களோடதோ?

— ஆமா டாக்டர், துடைச்சிடறேன்.

— அது கிடக்கட்டும். என்னைப் பார்த்து நில்லுங்கோ. ரெண்டு கையையும் நேரா முன்னால தூக்குங்கோ.

— எனக்கு எதுக்கு டாக்டர்? உள்ள கெடக்கறவனப் பாருங்க. இந்தாங்க, தூக்கிட்டேன்.

— அண்ணி, எடது கையையும் தூக்குங்க.

— ரெண்டையும்தானே தூக்கியிருக்கேன், மலரு.