கையில் ஃபிலிம் இருக்கிறது

குளியலறையை இருட்டறையாக மாற்ற முதலில் வேண்டியது ஒரு பழைய துண்டு, இன்ஸ்பெக்டர் மேடம். கேமிராவெல்லாம் அப்புறம்தான். வென்டிலேட்டரில் கறுப்புத் துணி அடித்து, இடுக்கிலெல்லாம் டேப் ஒட்டினாலும், கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். அங்கே துண்டைச் சுருட்டி அடைக்க வேண்டும். என் கணவருடைய ஈரிழைத் துண்டைத்தான் வைத்தேன். அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். யக்ஞநாராயணன் என்றால் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கே நல்ல மனுஷர். பாங்கிலிருந்து ரிட்டையரானவர். குரலை உயர்த்த மாட்டார். ஒரே ஒரு பழக்கம், கூப்பிடுவார். "வித்யா, என் கண்ணாடி எங்கே?" மூக்கின் மேல் இருக்கும். "வித்யா, ஃபேன் ஓடறதா?" தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். நான் குளிக்கும்போது கூப்பிடுவார். கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் ஸ்டாஃப் ரூமுக்கு போன் போட்டுக் கூப்பிடுவார். மேஜையில் எல்லாம் சமைத்து மூடி வைத்திருந்தாலும், தானே ஒரு கரண்டி சாதம் எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார். நான் வந்து தட்டு வைத்துப் பரிமாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முகம் சுளிக்காமல், பொறுமையாக. அந்தப் பொறுமையைப் பார்க்கும்போதுதான் எனக்கு மூச்சு முட்டும்.

நானும் ரிட்டையரான பிறகு, கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவிப் படம் போடுவதை யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மேற்குத் தாம்பரத்தில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து, படத்தைப் பெரிதாக்கும் அந்தப் பழைய மெஷினை அவர்தான் விலை பேசி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் ஃபிலிமை பிளாஸ்டிக் சுருளில் ஏற்றத் தெரியாமல் கசக்கினேன். வீணாய்ப்போன அதையே வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பழகினேன். அடுத்தது, நம்ம ஊர் வெயிலில் மருந்து சூடாகிப்போய், கரிக்கட்டையாக வந்தது. அதற்கடுத்ததில்தான் படம் விழுந்தது. பேப்பரில் பிரிண்ட் போடும்போது சிவப்பு பல்பு எரியலாம். மருந்துத் தட்டில் மிதந்த வெள்ளைக் காகிதத்தில் முதலில் ஒரு புருவம் வந்தது, அப்புறம் கண்ணாடி, அப்புறம் அவர் சிரிப்பு. ஏரிக்கரையில் நான் எடுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ஆனால் ஃபிலிமைக் கழுவும்போது சிவப்பு பல்புகூடக் கூடாது. டப்பாவிலிருந்து உருவி, சுருளில் ஏற்றி, மருந்து ஊற்றும் சின்ன டேங்கில் போட்டு மூடும்வரை கும்மிருட்டு வேண்டும். கதவு ஒரு விரற்கடை திறந்தாலும் மொத்தமும் போச்சு. இதை அவருக்கு விளக்கினேன். அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் உள்ளே போனால் கூப்பிடுவதே இல்லை. மாடி வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி வந்தால்கூட, "உள்ளே ஃபிலிம் வேலை நடக்கறது, சத்தம் போடாதீங்கோ" என்று வாசலோடு திருப்பி அனுப்புவார். சத்தத்துக்கும் ஃபிலிமுக்கும் சம்பந்தமில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து, எனக்கென்று சாத்திக்கொள்ள அந்த வீட்டில் ஒரு கதவு கிடைத்தது அப்போதுதான். பிறகு ஃபிலிம் இல்லாத நாட்களிலும் உள்ளே போக ஆரம்பித்தேன். துண்டை அடைத்துவிட்டு, கவிழ்த்த பக்கெட் மேல் சும்மா உட்கார்ந்திருப்பேன். மருந்தின் புளித்த வாசனை வரும். யாரும் என் பேரைச் சொல்ல மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமும் அப்படித்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டதும் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஊசி போடுவது நான்தான். போட்டேன். மேஜையில் சாதம், ரசம், புடலங்காய்க் கூட்டு, எல்லாம் தயாராக இருந்தது. "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு வந்து பரிமாறலாம் என்றுதான் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

வெளியே நாற்காலி நகர்ந்தது. கதவருகே வந்து நின்றார்.

"வித்யா, படபடன்னு வர்றது. ரொம்ப வேர்க்கறது."

கதவைத் தொடாமல், அங்கே நின்றபடியே கேட்டார்.

"ஃபிலிம் டப்பாக்கு வெளில இருக்கா?"

"கையில இருக்கு" என்றேன்.

"அப்போ திறக்காதே, வீணாப் போயிடும். நீ முடிச்சுட்டே வா. நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன்."

தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ சொன்னார். நாக்கு குழறியது. முன்பும் இப்படி ஆகி, சர்க்கரைத் தண்ணீர் புகட்டி எழுப்பியிருக்கிறேன். அதனால் குழறினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. திறந்தால் திரும்பவும் அந்த மேஜை, அந்தத் தட்டு, அந்த "வித்யா". சத்தம் நின்ற பிறகும் பக்கெட் மேலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் டெத் சர்டிபிகேட் தரத் தயங்கியதால் நீங்கள் வந்தீர்கள். கையில் ஃபிலிம் இருந்தது, கதவைத் திறக்க முடியவில்லை என்றேன். மாமிகூட ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் சொல்லிச் சொல்லி அவளுக்கும் மனப்பாடம். நீங்கள் மட்டும் போகும்போது, "அந்த ஃபிலிமைக் கழுவி எடுத்து வைங்கம்மா, பார்க்கலாம்" என்றீர்கள்.

கழுவ ஒன்றும் இல்லை, மேடம். அன்றைக்கு டேங்க் காலி. கேமிராவும் காலி. ஊசி போட்டேன், சோறு போடவில்லை, பொய் சொன்னேன், அவர் அடங்கும்வரை காத்திருந்தேன். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். நான் கதவைச் சாத்தினேனே தவிர, தாழ்ப்பாள் போடவில்லை. லேசாகத் தள்ளியிருந்தால் திறந்திருக்கும். அதையும் அவருக்கு நான்தான் செய்ய வேண்டுமா?