டீச்சர் சொன்னதில் பாதி

"டீச்சர் என்ரை பெடியனைப் புகழ்ந்ததுக்கு, நான் வீட்டை வந்து அவனுக்கு ஏசிப்போட்டன் அக்கா."

பாரிஸ், லா சப்பலில் மரக்கறிக் கடை வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இதைச் சொன்னவள் இளையவள். வெண்டிக்காய் பார்க்கும் சாக்கில் நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன்.

"என்னடி சொல்லுறாய்?"

"எனக்குப் பிரெஞ்சு வராதெல்லோ. பள்ளிக்கூடத்திலை டீச்சரைச் சந்திக்க ரொந்தேவூ தந்தவை. மொழிபெயர்க்க அவனையே கூட்டிக்கொண்டு போனன். டீச்சர் சிரிச்சுச் சிரிச்சு நிறையக் கதைச்சவ. இவன் குனிஞ்சுகொண்டு, 'பரவாயில்லையாம், இன்னும் படிக்க வேணுமாம்' எண்டான். அதை நம்பித்தான் வீட்டை வந்து ஏசினனான்."

"பிறகு?"

"நேற்று அந்த டீச்சரைப் பஸ்ஸிலை கண்டனான். தங்கச்சியும் கூட நிண்டவள், அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். வகுப்பிலை மற்றப் பிள்ளையளுக்குக் கணக்கு விளங்கப்படுத்துறதே இவன்தானாம்."

"ஏன் மறைச்சனீ எண்டு கேக்கேல்லையே?"

"கேட்டனான். 'நானே என்னைப் பற்றி நல்லாச் சொன்னால், பெருமை அடிக்காதை எண்டுவியள்' எண்டான். உண்மைதான். ஆர் புகழ்ந்தாலும் கண்ணூறு படும் எண்டு நான்தான் குறைச்சுச் சொல்லுறனான்."

வரிசை நகர்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை திரும்பவும் ரொந்தேவூ. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனால், தன்னை நம்பேல்லை எண்டு நினைப்பான்."

"அப்ப அவனையே கூட்டிக்கொண்டு போ."

"ஓம். ஆனா வாய் திறக்க முதல் அவன் என்ரை முகத்தைத்தான் பாப்பான் அக்கா. அதை எப்பிடி வைச்சிருக்கிறதெண்டுதான் எனக்குத் தெரியேல்லை."