சண்டை போடக் கற்றுக்கொடுத்த ஸிம்ஹா ஓஹாயோன்

அவைத் தலைவர் அவர்களே, நகராட்சியில் குடியேறியோர் துறையைக் கவனிக்கும் திரு. கில்அத் நெவோ அவர்களே, ஓஹாயோன் குடும்பத்தாரே, ஸிம்ஹாவிடம் எபிரேயம் படித்தவர்களே, இன்றும் படித்துக்கொண்டிருப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஆசிரியை ஸிம்ஹா மறைந்து இன்று முப்பதாம் நாள். கல்லறைக்குப் போய்விட்டு வந்திருக்கிறோம். மண்டபம் நிறைந்திருக்கிறது. குளிரூட்டியும் நன்றாக ஓடுகிறது. ஸிம்ஹா தம் வகுப்பறைக்கு ஒரு குளிரூட்டி கேட்டு ஒவ்வொரு கோடையிலும் துறைக்கு எழுதினார். ஒவ்வொரு கோடையிலும் வந்த பதில் பொறுமை என்பதுதான்.

அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். சமர்கண்டில் நான் அணைக்கட்டுப் பொறியாளன். இங்கே வந்ததும் நாற்காலிக் கடையில் சுமை தூக்கினேன். என் பட்டத்தை ஏற்கச் சொல்லி எந்த அலுவலகம் போனாலும் "பொறுமை, பொறுமை" என்றார்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. மாலையில் ஸிம்ஹாவின் வகுப்பு. அந்தப் பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள். முகத்தில் அதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. முதல் வாரமே எழுந்து நின்று, தெரிந்த உடைசல் எபிரேயத்தில் சொன்னேன்:

"டீச்சர், பொறுமைன்ற சொல்லை மட்டும் நடத்தாதீங்க. ஆபீஸ்ல தினமும் நடத்துறாங்க."

அவர் பலகையில் மூன்று எழுத்துகளை எழுதினார். "இந்த வேர்லருந்துதான் பொறுமை வருது. துன்பம் வருது. சுமை தூக்குறவன்ற சொல்லும் வருது. நீ எதுல இருக்கே, பின்ஹாஸ்?"

"மூணுலயும்."

"அப்ப வாயைத் திற. இங்க வாயைத் திறக்காதவன் முதுகுலதான் ஏத்துவாங்க."

ஊர் அறிந்த அந்தப் பயிற்சி மறுநாள் தொடங்கியது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதை மருத்துவமனை என்பார். எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "நகருங்க, எனக்கு ஒரே ஒரு கேள்விதான்" என்பார். இந்த நாட்டில் வரிசையை உடைப்பவர்கள் எல்லோரும் சொல்வது அதுதானே? கார்கிவிலிருந்து வந்த லரீசா வாரக்கணக்கில் பேசாமல் இருந்தவர். அவர்தான் ஒருநாள் கையை நீட்டி மறித்தார்.

"எனக்கும் கேள்விதான். பின்னாடி போய் நில்லு."

"வினைச்சொல் தப்பு. ஆம்பளைக்குச் சொல்ற 'நில்லு'வைச் சொல்லி என்னை ஆம்பளை ஆக்கிட்டே," என்றார் ஸிம்ஹா. "ஆனா நகர்ந்துட்டேன் பாத்தியா? உக்காரு."

பாடநூலில் இது இருந்ததா? இல்லை. துறை இதைக் கேட்டதா? இல்லை. துறை கேட்டது தேர்ச்சி விழுக்காடு. சம்பளச் சீட்டில் குறைத்ததை ஏன் குறைத்தாய் என்று முதலாளியைக் கேட்கவும், பிள்ளையை மந்தமென்று ஒதுக்கிய பள்ளியில் போய் மேசையைத் தட்டவும், "அதை எழுத்தில் கொடு" என்று அதிகாரியிடம் சொல்லவும் ஸிம்ஹா கற்றுக்கொடுத்தார். நான் அவருக்குப் பக்கத்து அறையில் ஆசிரியனானதும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, "ஓய்வெடுங்க, ஸிம்ஹா" என்றேன்.

"சாயங்கால வகுப்பை யாரு எடுக்குறா?"

"நான்தான்."

"உன் உச்சரிப்பு சகிக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எடு. விட்டுறாதே."

திரு. நெவோ அவர்களே, போன வாரம் உங்கள் துறை எனக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னது. ஆசிரியை இல்லாததால் மாலை வகுப்பு மூடப்படுமாம். மாணவர்கள் வீட்டிலிருந்தே கணினியில் படித்துக்கொள்வார்களாம். பகலெல்லாம் முதியோரைக் குளிப்பாட்டி, தரை துடைத்துவிட்டு வருகிற பெண்ணுக்குக் கணினி வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுக்குமா? அவள் தவறாகச் சொன்னாலும் நகர்ந்து கொடுக்குமா? ஆசிரியை இல்லை என்கிறீர்கள். ஆசிரியன் இதோ நிற்கிறேன். உச்சரிப்புக் குறை ஸிம்ஹாவுக்கே தெரியும். தெரிந்துதான் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே இந்த அவை அறியச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு நடக்கும். அறையைப் பூட்டினால் படிக்கட்டில் நடக்கும். படிக்கட்டிலிருந்து எழுப்பினால் உங்கள் அலுவலக வாசலில் நடக்கும். அங்கேதான் எங்களுக்குப் பயிற்சியும் அதிகம் கிடைக்கும்.

ஸிம்ஹா ஓஹாயோனின் நினைவு ஆசியாக இருக்கட்டும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் புதியவர்களே, நான் பேசியதில் பாதிகூட உங்களுக்குப் புரிந்திருக்காது. புரியாத சொற்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து என்னிடம் கேளுங்கள். உரக்கக் கேளுங்கள்.