நட்டு போல்ட்டுக்கு ஹால்மார்க்

பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் பஸ் கிளம்பவே இல்லை. என் மடியில் குழந்தை காய்ச்சலோடு அப்போதுதான் தூங்கியிருந்தது. முன் சீட்டில் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் மனைவியிடம் போனை நீட்டினார்.

"நட்டு போல்ட்டுக்கு ஹால்மார்க் கேக்குது. நான் எங்க போவேன்?"

"இன்னாங்க உளர்றீங்க?"

"கடை பேர்ல 'கோல்டு ஃபீல்ட்ஸ்'னு இருக்குதில்ல? கம்ப்யூட்டர் நம்மள நகைக்கடைல சேத்துடுச்சு. நம்ம சரக்கு வாங்குற பேக்டரிக்கு இனிமே ஆன்லைன்ல ரேட்டு போட்டாதான் ஆர்டர். இன்னிக்கு சாயங்காலத்தோட டெண்டர மூடிடுவான்."

"பேக்டரி பர்ச்சேஸ் சார்கிட்ட சொல்றதுதானே? தினமும் நம்ம கடையாண்டதான டீ குடிக்கிறாரு."

"சொல்லாமலா? அவரு கையில ஒண்ணும் இல்லியாம். ஹெல்ப்லைன்ல ஒரு பொண்ணு எடுத்துச்சு. 'அது ஊரு பேரும்மா, மைன்ஸ மூடி எவ்ளோ வருஷமாச்சு, இங்க ஏது தங்கம்?'னு கத்தினேன்."

"புரிஞ்சிச்சா அதுக்கு?"

"நல்லா புரிஞ்சிச்சு. 'ஓகே சார், ஸ்டாக் இல்லன்னு அப்டேட் பண்ணிட்டேன்'னு போன வெச்சிடுச்சு."

குழந்தை விழித்துவிடுமோ என்று பயந்து சிரிப்பை அடக்கினேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப பேக்டரி ஆர்டரு?"

"அதான் சொன்னேனே, நம்மகிட்ட ஸ்டாக் இல்லியாம்."