ஒரு விரல் இடைவெளி

“இரும்பே போதும் மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கொஞ்சம்—”

“அத்தை, அலுமினியம்னா பாதி எடைதான், வண்டிக்கும்—”

“எடையைப் பாத்துப் பாறை ஒதுங்கிப் போகுமா?”

“ஒதுங்காது. ஆனா பாறை மேல வண்டி வழுக்கிட்டுப் போயிடும். அதுக்குத்தானே ஸ்லைடர்னு பேரு.”

“வழுக்குறதுக்குன்னே கடைக்குப் போய் சாமான் வாங்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

எங்கள் வீட்டில் சண்டை என்றால் இவ்வளவுதான், ஐயா. ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறுவோம். ஆனால் அவர் ‘அத்தை’யை விடமாட்டார், நான் ‘நீங்க’வை விடமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டது என்று உங்களிடம் சொன்னாராமே, அது இந்தச் சத்தம்தான். அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. கடைசியில் அலுமினியமே வாங்கினோம். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

நடந்தது எதுவும் எனக்குக் காட்சியாக நினைவில் நிற்காது. பேச்சாகத்தான் நிற்கும். யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று கேட்டால் முழிப்பேன். யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள், அப்படியே சொல்வேன். என் வாக்குமூலத்தை எழுதுகிற தம்பிக்கு வேகம் போதவில்லை என்றால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை என்றால் என் மகளின் கணவர். மகளை நான் பாப்பா என்பேன். முப்பத்து நான்கு வயதிலும் பாப்பாதான். மலை உச்சிகளில் இருக்கும் செல்போன் டவர்களைப் பழுது பார்ப்பது மாப்பிள்ளையின் வேலை. அதற்காகத்தான் அந்த பிக்கப் வண்டி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் பாப்பாவும் கூடப் போனாள். வழியில் ஒரு ஓடை. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவர் இறங்கி முன்னால் நடந்திருக்கிறார். மேலே எங்கோ பெய்த மழை அப்போது வந்து சேர்ந்தது. வண்டி பக்கவாட்டில் நகர்ந்து, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கதவுக்குக் கீழே நீளமாக ஒரு அடித்தகடு ஓடுமே, அது வளைந்து மேலே ஏறிக் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டிரைவர் பக்கத்தை வெள்ளம் அமுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி இறங்கவில்லை. பாப்பா உள்ளேயே போய்விட்டாள்.

இது அவர் சொன்னது. ஆஸ்பத்திரி வராந்தாவில், வலது கையில் பெரிய கட்டோடு சொன்னார். “கல்லை எடுத்து அடிச்சேன் அத்தை. கண்ணாடி உடையலை. அப்புறம் கையாலயே அடிச்சேன்.” கட்டைப் பிரித்த பிறகு இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன.

எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். யார் மேலும் தப்பு இல்லை. வந்தவர்கள் சொன்னார்கள், போனில் சொன்னார்கள், விபத்தை விசாரித்தவர்களும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் தலையாட்டினேன்.

“தனியா இருக்காதீங்க அத்தை, நம்ம வீட்டுக்கு வந்துடுங்க” என்று அவர்தான் கூட்டிப்போனார். என்னை நன்றாகவே வைத்திருந்தார். என் ரத்த அழுத்த மாத்திரையைத் தட்டில் எடுத்து வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். டிவி சத்தத்தை எனக்காகக் கூட்டி வைப்பார். ஒரு குறையும் சொல்ல முடியாது, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், “வண்டிக்கு ராக் ஸ்லைடர் மாட்டலாம்னு இருக்கேன் அத்தை.”

“அப்படின்னா?”

“கதவுக்குக் கீழே ரெண்டு பக்கமும் நீளமா ஒரு பார். சட்டத்துலயே போல்ட் போட்டு மாட்டணும். பாறை மேல ஏறினாலும் அடி அதுல விழும், தகடு வளையாது. கதவு திறக்கும்.” தட்டைத் தள்ளி வைத்தார். “இனிமே பயமில்லை.”

இனிமே என்ற சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்கு நானும் போனேன். முப்பத்தொரு வருஷம் ஒரு நட்டு போல்ட்டு கடையின் கவுண்டரில் நின்றவள் நான். போல்ட்டின் மரையைத் தடவிப் பார்த்தே அளவு சொல்வேன். கடைக்காரர் அலுமினிய பாரை எடுத்து நீட்டினார். ஒரு கையால் தூக்கினேன், வந்துவிட்டது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்.

“என்னம்மா, பழம் வாங்குற மாதிரி தட்டுறீங்க?”

“அழுகல் இருந்தா தெரியும்ல. நைலான் வாஷர் எங்க?”

“அது எதுக்கு?”

“அலுமினியத்துல இரும்பு போல்ட்டு நேரா உக்காந்தா, மழை பட்டு அலுமினியம் அரிச்சுப் போகும். நடுவுல வாஷர் வேணும். பதினாறு குடுங்க.”

கடைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். “சார், இவங்களை இங்க விட்டுட்டுப் போயிடுங்களேன்.”

“தரமாட்டேன்” என்றார் மாப்பிள்ளை. “எனக்கு இருக்கிறது இவங்க ஒருத்தங்கதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கடையிலேயே மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், என் கையாலேயே மாட்ட வேண்டும் என்றார் அவர். மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு நட்டைத் தொடங்கிவைப்பது கஷ்டம். அதனால் நான் கூட இருந்தேன். வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமை டிரைவர் பக்கம் மாட்டினோம். வீட்டோடு சேர்ந்த ஷெட்டு, சிமெண்ட் தரை, ஷட்டர் மேலே ஏற்றியிருந்தது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயரைக் கழற்றி, தாங்குவதற்கு ஸ்டாண்டு இரண்டு வைத்து, அவர் அடியில் போய்ப் படுப்பார். நான் முக்காலியில் உட்கார்ந்து வாஷரை எடுத்துக் கொடுப்பேன். பாருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. டிரைவர் பக்கத்தில் அது ஒழுங்காக வரவில்லை. முன்னால் ஒரு விரல் போனது, பின்னால் நகம்தான் போனது. பழைய வண்டி, அங்கங்கே சின்னச் சின்ன நசுங்கல். சின்னத் தகடு கொடுத்துச் சரிசெய்தோம்.

“பாத்தீங்களா அத்தை, வண்டி நம்மள மாதிரியே ஆயிடுச்சு. ஒரு பக்கம் இழுக்குது.”

“உங்களுக்கு இழுக்குது. நான் நேராத்தான் இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாப்பாவின் பக்கத்தைத் தொடங்கினோம். பாரைக் கட்டை மேல் ஏற்றிவைத்து, நான்கு போல்ட்டையும் கையால் சும்மா பிடித்துவைத்தார். இடைவெளி பார்க்கச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து சுண்டுவிரலை விட்டு முன்னாலிருந்து பின்னால்வரை இழுத்துக்கொண்டே போனேன். ஒரு விரல். நடுவில் ஒரு விரல். கடைசியிலும் அதே ஒரு விரல். எங்கும் தட்டவில்லை, எங்கும் தளரவில்லை.

முப்பத்தொரு வருஷம் இந்தக் கையை நம்பிப் பிழைத்தவள், ஐயா. வளைந்த இரும்பைத் தட்டி நிமிர்த்தினால் எவ்வளவு நல்ல வேலைக்காரன் நிமிர்த்தினாலும் விரலுக்குத் தெரியும். இங்கே தெரியவில்லை. வளையவே வளையாத தகடு அது. வளையவில்லை என்றால் கதவு இறுகவில்லை. கதவு இறுகவில்லை என்றால் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது வேறு ஏதோ.

“எப்படி அத்தை இருக்கு?”

“ஒரே சீரா இருக்கு.”

“அப்பாடா.”

உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தேன். வாஷரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. படபடப்பும் இல்லை. மடங்காத விரல்களைப் பற்றிக்கூட யோசித்தேன். விரல் எதில் வேண்டுமானாலும் ஒடியும்.

பதினொன்றரைக்கு ஒரு சிக்கல் வந்தது. ஸ்டாண்டு இரண்டும் சரியாகப் பாரின் பிடி உட்காரும் இடத்தில் நின்றன. நகர்த்தினால்தான் ஸ்பானர் போகும்.

“தள்ளி வச்சுக்குங்க மாப்பிள்ளை.”

“ரெண்டே நிமிஷம் அத்தை. ஜாக்கி தாங்கும். இந்த ரெண்டு போல்ட்டை இறுக்கிட்டு வச்சுடுறேன்.” ஸ்டாண்டை இழுத்து வெளியே தள்ளினார். அடியில் போவதற்கு முன்னால் ஜாக்கியின் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். “இதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிடாதீங்க. இறங்கிடும்.”

“கடைல நான் வித்த சாமான், எனக்கே சொல்றீங்களா?”

“தெரியாம இல்லை. சொல்லிவைக்கிறது ஒரு பழக்கம்.”

அவர் அடியில் போனார். முதல் போல்ட்டை இறுக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் கேட்டேன். சாதாரணமாகவே கேட்டேன். “பாப்பா பக்கம் தகடு வளையவே இல்லையே, மாப்பிள்ளை.”

அவர் ஏதோ சொன்னார். ஸ்பானர் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

நான் கைப்பிடியை அந்தப் பக்கம் திருப்பினேன். ஜாக்கி தானாக வழுக்கவில்லை. தவறுதலாகக் கையும் படவில்லை. முக்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கையாலும் பிடித்து, திருப்பினேன். வண்டி மெதுவாகத்தான் இறங்கியது. அது நிற்கும்வரை கைப்பிடியை விடவில்லை. பிறகு மீதி இருந்த வாஷரை எண்ணி டப்பாவில் போட்டு மூடினேன். ஐந்து இருந்தது. அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். “இறங்கிடுச்சு” என்றேன். அதில் பொய் இல்லை.

மாப்பிள்ளை பொய் சொன்னதால் செய்தேன். முதல் நாளிலிருந்து உங்களிடம் இதைத்தான் சொல்கிறேன். பெண்ணைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவர், கதவு திறக்கவில்லை என்று கதை சொன்னவர். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள் என்று சொல்லமாட்டேன். நான் செய்தேன்.

நேற்று நீங்கள் ஒரு தாளைக் காட்டினீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைச் சரிசெய்தபோது போட்ட தாள். பாப்பாவின் பக்கத்து அடித்தகட்டை முழுதாக வெட்டி எடுத்து, கம்பெனியிலிருந்து வந்த புதுத் தகட்டைப் பற்றவைத்ததாக அதில் எழுதியிருக்கிறது. போட்டோவும் காட்டினீர்கள். பாறை ஏறிய இடத்தில் தகடு வில் மாதிரி வளைந்து, கதவைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேலே கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி விரிசல். வெளியிலிருந்து அடித்த விரிசல் என்று சொன்னீர்கள். நான் பார்த்தேன்.

நிமிர்த்திய தகட்டைத்தான் என் விரல் கண்டுபிடிக்கும். மாற்றிய தகட்டைக் கண்டுபிடிக்காது. கவுண்டரில் நின்றவள் இதை யோசித்திருக்க வேண்டும். புதுச் சாமான் எப்போதுமே ஒரே சீராகத்தான் இருக்கும். அது என் தப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்த தப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி எழுதிவிட்டாரா?

அப்படியென்றால் அந்தத் ‘தெரியாமல்’ என்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். இன்னொன்றும் அடிக்க வேண்டும். அவர் சொன்னது காதில் விழவில்லை என்றேன் அல்லவா. ஸ்பானர் சத்தம் அப்போது இல்லை. நான் கேட்டதும் அவர் வேலையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். முழுதாகச் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகுதான் நான் முக்காலியிலிருந்து எழுந்தேன். வரிசை மாறாமல் எழுதுங்கள். அவர் குரலில் அவசரம் இல்லை, பயம் இல்லை. ரொம்ப நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

“அது புதுத் தகடு அத்தை. வளைஞ்சதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரலை. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி சாக்குல சுத்தி வச்சிருக்கேன். பாக்குறீங்களா?”