ஊர் ஊராகச் செத்த அப்பா

பெங்களூரு போகும் காலை ரயிலில், தங்கச் சுரங்க ஊரான கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய இரண்டு இளைஞர்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவன் மடியில் கிட்டார், மற்றவன் கையில் டிரம்ஸ் குச்சிகள்.

"இனிமே மேடையில எங்கப்பாவ சாவடிக்க மாட்டேன் மச்சான்," என்றான் கிட்டார்காரன்.

"இன்னாடா ஆச்சு?"

"போற ஊர்லல்லாம் பாடறதுக்கு முன்னாடி, அப்பா சுரங்கத்துல செத்துட்டாருன்னு சொல்வேன்ல? ஜனம் அழுவும், நானும் அழுவேன். அந்த வீடியோவ அவரு பாத்துட்டாரு."

"ஐயோ! ஆண்டர்சன்பேட்ட துணிக்கடைய வுட்டு அசையாத மனுஷன்டா அவரு. திட்னாரா?"

"திட்டியிருந்தா தேவல. இன்னிக்கு புரோகிராமுக்கு நானும் வரேன், யார்னா கேட்டா சித்தப்பான்னு சொல்லிடுன்றாரு."

டிரம்ஸ்காரன் எழுந்து சுற்றிலும் பார்த்தான். "எங்கடா அவரு?"

"கூட உக்காந்தா எனக்கு சங்கடமா இருக்கும்னு அடுத்த பெட்டில ஏறிட்டாரு."