முட்டுவது தெரியவில்லை

அருள்புரம் ஸ்கேன் சென்டரில் எனக்கு முன்னால் பனியன் கம்பெனியில் தைக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளின் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

“இன்னும் முட்டலீங்களா அக்கா? மூத்திரப்பை நெறஞ்சாத்தான் கல்லு தெளிவாத் தெரியும்னாங்களே.”

“ஒரு லிட்டர் குடிச்சாச்சு கண்ணு. ஒண்ணுமே தெரியல.”

“அதெப்படிங்க தெரியாம இருக்கும்?”

“பாத்ரூம் போனா தைக்க வேண்டிய பீஸ் குமிஞ்சுரும்னு பத்து வருசமா தண்ணி குடிக்காமயே தச்சேன். முட்டுனாலும் டீ டைம் வரைக்கும் அடக்கிக்குவேன். இப்ப முட்டறதே தெரியறதில்ல.”

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “யூரின் வருதாம்மா?”

மூத்தவள் இல்லை என்று தலையசைத்து, மறுபடி பாட்டிலைத் திறந்தாள். இளையவள் பாட்டில் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, யோசிச்சுப் பாத்தா எனக்குங்கூட இப்பெல்லாம் தெரியறதில்லீங்க.”